குடலில் ஆபரேஷன், போனது கால்: அப்பா 24 நாள் இருந்த மருத்துவமனை பற்றி

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன். குடல் ஆபரேஷன் செய்த சர்ஜனுக்கு ஐந்துக்கு ஐந்து. பில்லிங் கவுன்டருக்கு இரண்டு. பிசியோவுக்கு ஐந்து, அதற்கு மேல் இருந்தாலும் கொடுப்பேன். ஆபரேஷன் முடிந்த அன்று இரவு ஐ.சி.யூ.வுக்கு ஒன்று, அதுவும் அப்பா தண்ணீர் கேட்டபோதெல்லாம் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்த ஒரு சிஸ்டருக்காக. மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். "உசுரக் காப்பாத்துன இடம் கண்ணு, பேரு போடாத" என்றார். அவர் கால், அவர் முடிவு. ஆனால் நடந்ததை எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நீண்ட ஆபரேஷனுக்கு வீட்டில் ஒருவரை அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் எனக்கு அது போதும்.

அப்பாவுக்கு 61 வயது, தையல்காரர். நாற்பது வருடமாகக் கால்மிஷின்தான். மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்ததும் முதலில் கதிர்வீச்சும் கீமோ மாத்திரையும் கொடுத்துக் கட்டியைச் சுருக்கினார்கள், பிறகு ஐப்பசியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் பெரிய தனியார் மருத்துவமனை. சேர்க்கும்போது எல்லாம் நன்றாகவே நடந்தது. சுத்தமான அறை, நேரத்துக்கு ரத்தப் பரிசோதனை, சர்ஜன் படம் வரைந்து எந்த இடத்தை வெட்டுவார், எங்கே சேர்த்துத் தைப்பார் என்று அரை மணி நேரம் விளக்கினார். அப்பா தையல்காரர் என்பதால் அந்தத் தையல் பற்றி இரண்டு கேள்வி கேட்டார், அவரும் சலிக்காமல் பதில் சொன்னார். கையெழுத்து வாங்கிய தாளில் ரத்தக் கசிவு, தொற்று, தையல் விடுவது, வயிற்றில் மலப் பை வைக்க வேண்டி வருவது எல்லாம் இருந்தன. கால் என்ற சொல்லே இல்லை. குடல் ஆபரேஷனில் காலுக்கு என்ன வரப்போகிறது என்று நாங்களும் நினைக்கவில்லை.

காலை 8.30-க்கு உள்ளே கொண்டு போனார்கள். ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். கதிர்வீச்சால் உள்ளே எல்லாம் ஒட்டிப்போய் இறுகியிருந்ததாம், வெளியே வரும்போது மாலை 5.40. சர்ஜன் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு "கட்டி முழுசா வந்துடுச்சும்மா" என்றபோது அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த ஒன்பது மணி நேரத்தில் பெரும்பகுதி அப்பாவின் இரண்டு கால்களும் அகட்டி, மேலே தூக்கி, தாங்கிகளில் வைத்துக் கட்டப்பட்டிருந்தன என்பதும், மேஜையைத் தலைப்பக்கம் தாழ்த்தியிருந்தார்கள் என்பதும் எங்களுக்கு மறுநாள்தான் தெரியும். பிரசவ மேஜையில் கால் வைப்பதுபோல என்று நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு லித்தாட்டமி பொசிஷன் என்று பெயர். மலக்குடல், கர்ப்பப்பை, புராஸ்டேட், சிறுநீர்ப்பை ஆபரேஷன்களில் பலவற்றுக்கு இப்படித்தான் படுக்க வைக்கிறார்கள், அந்த இடத்துக்குப் போக அதுதான் வசதி. அதில் எனக்குக் குறை இல்லை.

இனி அந்த இரவு. எட்டரை மணிக்கு என்னை ஐந்து நிமிடம் உள்ளே விட்டார்கள். வயிற்று வலிக்காக முதுகில் மெல்லிய குழாய் வழியாக மரப்பு மருந்து ஓடிக்கொண்டிருந்தது, அதனால் வயிற்றில் வலியே இல்லை. ஆனால் அப்பா வேர்த்துக் கிடந்தார். குனிந்து "வயிறு வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். "கண்ணு, வயித்த விடு, காலப் பாரு" என்றார். இடது கெண்டைக்காலைத் தொட்டேன். அப்பாவுக்கு எத்தனையோ இரவு கால் அமுக்கிவிட்டிருக்கிறேன், அந்தச் சதை எப்படி இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். அன்று அது சதையாக இல்லை. தேக்குக் கட்டையைத் தொட்டதுபோல இருந்தது, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது. மரத்துப் போயிருக்கிறதோ என்று கட்டை விரலைப் பிடித்து லேசாகக் கீழே மடக்கினேன். அப்பா கத்திய கத்தலில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்துவிட்டார்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். "முதுகுல மருந்து போகுதுக்கா, கால் மதமதன்னுதான் இருக்கும், காலையில சரியாயிடும்" என்றார். மதமதப்பு வேறு, வலி வேறு என்று சொன்னேன். டூட்டி டாக்டர் வந்தார், சின்ன வயது, அன்றைக்கு எத்தனை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாரோ தெரியாது, கோபமாகப் பேசவில்லை. பாதத்தின் மேல் விரல் வைத்துப் பார்த்து "பல்ஸ் நல்லா இருக்கு, ரத்தம் உறைஞ்சிருக்கான்னு காலையில ஸ்கேன் பாத்துடலாம்" என்று சொல்லி வலி மருந்தின் அளவைக் கூட்டிவிட்டுப் போனார். பன்னிரண்டு மணிக்கு செக்யூரிட்டியிடம் கெஞ்சி மறுபடி கேட்டேன். நோயாளி தூங்குகிறார் என்று பதில். அவர் தூங்கவில்லை என்று பிறகு அப்பாவே சொன்னார், கூப்பிட்டால் தொந்தரவு என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்த டாக்டர் செய்த இரண்டு விஷயங்களும் தப்பான நம்பிக்கையில் செய்தவை என்று இப்போது தெரிகிறது. பாதத்தில் நாடி இருப்பதால் கால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கால் தசைக்குள் அழுத்தம் ஏறி ரத்தம் போகாமல் நெரிக்கும் இந்தச் சிக்கலில் கடைசி வரைக்கும்கூட நாடி துடித்துக்கொண்டு இருக்கலாம். மரப்பு மருந்து ஓடும்போதும் அதை மீறி ஒரு வலி வருகிறது என்றால் அதுவே பெரிய எச்சரிக்கை, அந்த நேரத்தில் மருந்தைக் கூட்டுவது அடிக்கிற மணியின் நாக்கைப் பிடித்துக்கொள்வது மாதிரி.

காலை ஆறு மணிக்கு ஸ்கேன், உறைவு இல்லை. அப்போதுதான் ஷிஃப்ட் மாறி வந்த சிஸ்டர் மூத்திரப் பையைப் பார்த்தார். கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அவர்தான் ஓடிப்போய் சீனியரை எழுப்பினார், அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்ல எனக்கு ஆசை. நசுங்கிய தசையிலிருந்து வெளியேறும் சத்து ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்கினால் அந்த நிறம் வருமாம், அது சிறுநீரகத்தை அடைத்துக் கெடுத்துவிடவும் கூடும். தசை சிதைவைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையில் சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டியது அப்பாவுக்கு 38,000. எலும்பு டாக்டர் ஏழரைக்கு வந்தார், விரலை மடக்கிப் பார்த்தார், அரை நிமிடத்தில் முடிவுக்கு வந்துவிட்டார். சதைக்குள் ஊசி விட்டு அழுத்தம் அளந்தார்கள். பத்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 46. ரத்த அழுத்தத்தின் கீழ் எண் 70. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 30-க்குக் கீழே போனால் காத்திருக்கக் கூடாது என்பது கணக்கு, அப்பாவுக்கு 24. ஒன்பதேகாலுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்து இறுக்கத்தைத் திறந்துவிட்டார்கள். ஃபேஷியாட்டமி என்கிறார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று மயக்க மருந்து டாக்டர்தான் மூன்றாம் நாள் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே தசைகள் நான்கு உறைகளுக்குள் இருக்கின்றன. அந்த உறை தலையணை உறை மாதிரி இல்லை, நெகிழாது, தார்ப்பாய் மாதிரி கெட்டி. காலை இதயத்துக்கு மேலே தூக்கினால், ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் காலுக்குப் போகும் ரத்த அழுத்தம் பாதரசக் கணக்கில் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர் குறைகிறது. நாற்பது சென்டிமீட்டர் தூக்கினால் முப்பது போய்விட்டது. தொட்டித் தண்ணீர் மேல்மாடிக் குழாயில் நூலாக வருவதுபோலத்தான். அதோடு தலைப்பக்கம் தாழ்த்தினால் உயரம் இன்னும் கூடுகிறது, தாங்கி கெண்டைக்காலின் அடியில் அழுத்துகிறது, உள்ளே ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் காலுக்குப் போவது இன்னும் குறைந்துவிடும். மணிக்கணக்கில் ரத்தமில்லாமல் கிடந்த தசை, கால் கீழே இறங்கி ரத்தம் திரும்பப் பாயும்போது வீங்குகிறது. வீங்க இடமில்லை. உள்ளே இருக்கும் சின்ன ரத்தக் குழாய்களையே அது நெரித்துக்கொள்கிறது. அதனால்தான் ஆபரேஷன் தியேட்டரில் ஒன்றும் தெரியாமல் இரவில் வலி கிளம்புகிறது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்று பெயர், பைக் விபத்தில் கால் முறிந்தவர்களுக்கு வருவதாக எல்லா டாக்டருக்கும் தெரியும், அடியே படாத காலுக்கும் இப்படி வரும் என்பதுதான் அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

ஆபரேஷன் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் இந்த ஆபத்து ஏறுகிறது. தசை தடித்த கால்களுக்கு இன்னும் அதிகம். அப்பா ஒல்லி, ஆனால் கெண்டைக்கால் மட்டும் நாற்பது வருடம் பெடல் மிதித்து முறுக்கேறியது. தைத்தே வளர்த்த கால் என்று அம்மா சொல்வார். அந்த முறுக்கே அவருக்கு எதிரியாக ஆகியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

தசை மட்டுமில்லாமல் நரம்பும் தனியாக அடிபடும். முழங்காலின் வெளிப்பக்கம், கொஞ்சம் கீழே ஒரு எலும்பு முண்டு இருக்கும், இப்போதே தொட்டுப் பாருங்கள். அதைச் சுற்றிக்கொண்டு தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு போகிறது, பாதத்தை மேலே தூக்குவது அதன் வேலை. தாங்கியின் கம்பி அதில் பட்டுக்கொண்டே இருந்தால் பாதம் தொங்கிவிடும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1957 முதல் 1991 வரை இப்படிக் கால் தூக்கி வைத்து ஆபரேஷன் செய்துகொண்ட 1,98,461 பேரின் பதிவுகளைப் பார்த்து 1994-இல் வெளியிட்டார்கள். அதில் நெடுநாள் நீடித்த கால் நரம்புப் பலவீனம் 55 பேருக்கு, அதாவது 3,608 பேருக்கு ஒருவர். முக்கால்வாசிக்கு மேல் இந்த ஒரே நரம்புதான். மணி நேரம் கூடக் கூட ஆபத்தும் கூடியது, ஒல்லியானவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அதிகம். அரிது என்பது உண்மைதான். அரிதானது என்பதால்தான் ஒருவர் "கால் வலிக்குது" என்று சொன்னால் காது கொடுக்க வேண்டும் என்கிறேன், தேடாமல் அது கண்ணில் படாது.

மருத்துவமனை அதற்குப் பிறகு நடந்துகொண்ட விதத்தில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. சர்ஜன் ஒளியவில்லை. தினமும் வந்தார், "நான் காலை இன்னொரு தடவை இறக்கி வைக்கச் சொல்லியிருக்கணும்" என்று அப்பாவிடமே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அப்பா இன்றும் அவரிடமே செக்கப்புக்குப் போகிறார். முன்பக்கத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டிருந்தது, எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒரு பக்கம் ஒட்டினார்கள், பிளாஸ்டிக் சர்ஜன் வேலை அருமை. சிறுநீரகம் தப்பித்தது, டயாலிசிஸ் வேண்டியிருக்கவில்லை. ஆனால் பில்லில் இரண்டாவது ஆபரேஷன், மூன்றாவது ஆபரேஷன், கூடுதல் ஐ.சி.யூ. நாட்கள் எல்லாம் முழுசாக வந்திருந்தன. ஐந்து நாள் அலைந்த பிறகு டாக்டர் கட்டணத்தைக் கழித்தார்கள், படுக்கை வாடகையைக் கழிக்கவில்லை. தவறு நோயாளியுடையது இல்லை என்று அவர்களே சொல்லிவிட்டு அதற்கு வாடகை வாங்குவது சரியில்லை.

கேஸ் ஷீட் நகல் கேட்டபோது முதலில் "டிஸ்சார்ஜ் சம்மரி போதும்" என்றார்கள். போதாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்குமுறைப்படி நோயாளியோ அவர் சார்பில் உரிமை பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக சீல் வாங்குங்கள், பேச்சு மாறிவிடும். எங்களுக்கு மூன்றாம் நாள் கிடைத்தது. மயக்க மருந்துத் தாளில் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ரத்த அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் எழுதியிருந்தது, அவ்வளவு நேர்த்தி. கால் பற்றி மொத்தமே ஒரு சொல்: லித்தாட்டமி. எத்தனை மணிக்குத் தூக்கினார்கள், எப்போது இறக்கினார்கள், இடையில் இறக்கினார்களா, எந்த வகைத் தாங்கி, அடியில் பஞ்சு வைத்தார்களா, எதுவும் இல்லை.

இதைத் தடுக்க ராக்கெட் அறிவியல் ஒன்றும் வேண்டாம். அந்த மயக்க மருந்து டாக்டரே சொன்னதுதான்: கால் மேலே வேண்டிய கட்டத்தில் மட்டும் தூக்குவது, மற்ற நேரம் தாழ்த்தி வைப்பது, நீண்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பத்துப் பதினைந்து நிமிடம் இறக்கி ரத்தம் ஓட விடுவது, கெண்டைக்காலைத் தாங்காமல் பாதத்தைத் தாங்கும் பூட்ஸ் மாதிரித் தாங்கி பயன்படுத்துவது, தியேட்டரில் ஒருவர் நேரத்தைக் கூவிச் சொல்வது. எங்கள் பக்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து சர்க்கரை, ஆஸ்துமா எல்லாம் கேட்பார் இல்லையா, அப்போது "எப்படிப் படுக்க வைப்பீர்கள், எவ்வளவு நேரம், காலை இடையில் இறக்குவீர்களா" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அப்புறம் முதல் இரவில் நோயாளி கால் என்று சொன்னால், விரலை மடக்கினால் துடித்தால், சதை கெட்டியாக இருந்தால், டூட்டி டாக்டரோடு நிற்காதீர்கள். சர்ஜனுக்கு இப்போதே போன் போடச் சொல்லி நில்லுங்கள். சத்தம் போட வேண்டி வந்தால் போடுங்கள். ஆறு மணி நேரம் தாண்டினால் தசை திரும்பாது என்று தெரிந்திருந்தால் நான் அன்று அந்தக் கதவை உடைத்திருப்பேன்.

இனி பிசியோ. மருத்துவமனை பிசியோ பையன் முதல் நாளே பாதத்தைச் செங்குத்தாக நிறுத்தி வைக்க ஒரு பலகை கட்டினான், இல்லாவிட்டால் குதிகால் தசைநாண் சுருங்கிப் பாதம் கீழேயே நின்றுவிடுமாம். வீட்டுக்கு வந்த பிறகு எங்கள் ஊரில் ஒரு சின்ன சென்டர், ஒரே ஒரு அம்மா நடத்துகிறார், கரண்ட் வைப்பார், ஈரத் துண்டைத் தரையில் போட்டு விரலால் சுருட்டச் சொல்வார். நான்காவது வாரம் நரம்புப் பரிசோதனை செய்தோம். நரம்பு முழுக்கச் சாகவில்லை, வளர்ந்து வர வாய்ப்பு உண்டு என்றார்கள், ஆனால் அது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அப்பாவிடம் சொன்னபோது இஞ்சி டேப்பை எடுத்து முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்தார். பதினான்கு இஞ்சி. மாதம் ஒரு இஞ்சி என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

பாதம் தொங்காமல் இருக்க ஸ்ப்ளின்ட், ஏ.எஃப்.ஓ. என்று கேட்டால் கொடுப்பார்கள். இரண்டு வாங்கினோம். முதலில் மெடிக்கல் ஷாப்பில் ரெடிமேட், வீண். கணுக்காலில் உரசி, ஒட்டுத் தோல் பக்கத்தில் புண் வந்துவிட்டது. அப்புறம் செயற்கைக் கால் செய்யும் இடத்தில் மாவுக்கட்டு போட்டு அளவெடுத்துச் செய்தது, 3,500 ரூபாய், இது நல்ல பொருள். எடை குறைவு, வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே மெல்லிய மெத்தை. இதோடு ஹவாய் செருப்பு போட முடியாது, பின்பக்கம் மூடிய ஷூ வேண்டும், அதுவும் ஒரு சைஸ் பெரிதாக. நம் வீடுகளில் வாசலில் கழற்றிவிட்டு வருவதால் வீட்டுக்குள் வெறும் காலில் நிலைப்படி தடுக்குகிறது, இரண்டு முறை விழுந்தார், இப்போது உள்ளுக்கு மட்டும் பழைய கேன்வாஸ் ஷூ ஒன்று வைத்திருக்கிறோம். தினமும் கழற்றியதும் சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள், அரை மணி நேரத்தில் சிவப்பு மறையாவிட்டால் செய்த இடத்துக்குத் திரும்ப எடுத்துப் போய்ச் சூடு காட்டி விரித்து வாங்குங்கள், எங்களிடம் அதற்குக் காசு வாங்கவில்லை.

மிஷினுக்கு மோட்டார் மாட்டியாகிவிட்டது, வலது காலால் ஓட்டுகிறார். இடது கட்டை விரல் பதினோராவது மாதம் ஒரு நூல் அளவு மேலே தூக்கியது, அம்மாதான் முதலில் பார்த்தார். ஸ்ப்ளின்ட்டில் எனக்கு ஒரே குறை வெல்க்ரோ பட்டை. ஆறு மாதத்தில் பிய்ந்து பஞ்சு பஞ்சாக ஆகிவிட்டது, புதுசு மாற்ற 250 கேட்டார்கள். அப்பா கேட்கவில்லை. பைகளுக்குப் போடும் கெட்டி நாடாவை வெட்டி, வெல்க்ரோவை மேலே வைத்து, நான்கு வரிசை தையல் ஓட்டி அவரே மாட்டிக்கொண்டார். அது எட்டு மாதமாக அப்படியே இருக்கிறது. பிசியோ அம்மா அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு நோயாளிகளின் பட்டைகளைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.